வரேன் சார்

புது நாட்டின் குடியுரிமை கிடைத்த வாரமே, பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத் தூதரகத்துக்குப் போனேன். எழுத்தர் அதன் மூலையைக் கத்தரித்து இழுப்பறைக்குள் போட்டார். பழக்கதோஷத்தில் "வரேன் சார்" என்றேன்.

"இனிமே எங்க வர்றது? போறேன்னு சொல்லுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "எங்க வீட்ல யாரும் போறேன்னு சொல்றதில்ல. வரேன்னுதான் சொல்லுவேன்!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன்.

மறுமாதம் புதுப் பாஸ்போர்ட்டோடு கிளம்பி, வேறொரு நாட்டில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுப் புது நாட்டுக்கே திரும்பினேன். விமான நிலைய அதிகாரி திரையைப் பார்த்தார்.

"நீங்க காலையிலேயே உள்ள வந்துட்டீங்களே. மூலை வெட்டின பாஸ்போர்ட்ல. கைரேகையும் உங்களோடதுதான்."

"யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று மேசையைத் தட்டினேன். ஓரமாக உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"யாருங்க பேசறது?" என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரர் இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"அவன்கிட்ட குடுடி போனை!"

கொடுத்தாள். என் குரல்தான். என்னைவிடக் கோபமாக இருந்தது.

"சொன்னபடி நான் வந்துட்டேன். இப்ப நீ போறேன்னு சொல்லு."