மூன்றாவது சூடு

"இனிமே எனக்காகக் காத்திருக்காத, செங்கமலம். சூடு பண்ண இந்த மைக்ரோவேவ் இருக்கு."

"சரிங்க."

கல்யாணமான புதிதில் நடந்த அந்தப் பேச்சை நம்பித்தான், ட்ரோன் பட்டறையிலிருந்து இளவழகன் இன்று மூன்று மணிக்குச் சாப்பிட வந்தான். கோழிக்குழம்பை உள்ளே வைத்தான். மைக்ரோவேவ் மோந்து பார்த்துக் கதவைத் திறந்துவிட்டது.

"ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் சூடாகிவிட்டது. மூன்றாம் முறை சூடாக்கினால் வயிற்றுக்கு ஆகாது" என்றது அது.

"அடிக்கள்ளி! சாப்பிடாம எனக்காகத்தான் சூடு பண்ணிப் பண்ணிக் காத்திருந்தியா? தினமும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னியே?"

"போட்டுக் குடுத்துடுச்சே, பாவி மெஷின்!" என்று சிரித்தாள் செங்கமலம். முகம் சிவந்துபோயிற்று. இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது மெல்ல வெளியே வந்தது.

"ஒரு மணிக்கே வந்துடுங்களேன். உங்களோட உக்காந்து சாப்பிடணும்."