மேல ஊதணும், பப்பா

“கீழ இல்ல பப்பா, மேல ஊதணும்!”

சுப்ரஜா நோட்டுத்தாளில் வெட்டிய பட்டையை அப்பாவின் உதட்டருகே மறுபடி பிடித்தாள். அதன் மறுநுனி வளைந்து தொங்கியது.

சுந்தரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. போசரியில் உள்ள இரும்பு வார்ப்பு ஆலையில், அச்சுக்குள் உதிர்ந்த மணலை வாயால் ஊதியே பழகியவர். எதைக் கொடுத்தாலும் குனிந்து அடியில்தான் ஊதுவார்.

“மேல ஊதினா அது கீழதானடி போகும், பைத்தியம்!”

“அதான் இல்ல! பட்சி றெக்கை, விமானத்து றெக்கை ரெண்டும் மேல இப்பிடி வளைஞ்சிருக்கும். அந்த வளைவுல காத்து ஓடுறப்போ மேல அழுத்தம் கம்மியாயிடும். கீழ இருக்கற காத்து தூக்கிவிட்டுரும். நாளைக்கு ஸ்கூல்ல இத மராட்டியில சொல்லணும். ஊது பப்பா, சல், சீக்கிரம்!”

அடுப்படியில் அவர் மனைவி மல்லிகா சப்பாத்தி தேய்ப்பதை நிறுத்தினாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டால்?

போன வாரம் டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு அவருடைய எக்ஸ்ரேயைக் காட்டினார். மணல் தூசி நுரையீரலைக் கெட்டியாக்கிவிட்டது, இனி இளகாது என்றார். வெளியே வந்து, நெஞ்சில் சளியாம் என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் நம்பினார். நம்பியதால் ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா என்றுகூடக் கேட்டார். அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்வதே அவளுக்கு நாள் முழுக்க வேலையாகிவிட்டது.

சுந்தரமூர்த்தி பட்டையின் மேல் ஊதினார்.

அது நடுங்கியது. எழவில்லை.

இன்னொரு முறை ஊதினார். பாதியில் இருமல் வந்தது.

“காகிதம் தடியா இருக்குடி” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஆமா, தடிதான். ஃபேன் காத்து வேற அடிக்குதில்ல” என்றாள் மல்லிகா அவசரமாக.

ஃபேன் ஓடவில்லை.

சுப்ரஜா காம்பஸ் பெட்டியைத் திறந்தாள். வடாபாவ் கடையில் கை துடைக்கக் கொடுக்கும் டிஷ்யூவில் வெட்டிய பட்டை ஒன்றை எடுத்தாள். பலமுறை தொட்டு அதன் ஓரங்கள் நைந்திருந்தன.

“இது கண்டிப்பா எழும்பும், பப்பா.” அவரைத் தேற்றுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தினம் ராத்திரி நீ தூங்கறப்போ உன் மூக்குகிட்ட பிடிச்சுப் பாப்பேன். ஆடுச்சுன்னாதான் போய்ப் படுப்பேன்.”

மல்லிகாவின் கையில் மாவு காய்ந்தது. தான் கண்ணயர்ந்துவிடும் நேரங்களில் அந்த மூச்சுக்கு யார் காவல் என்று அவள் யோசித்ததே இல்லை.

சுந்தரமூர்த்தி பட்டையை வாங்கிக்கொண்டார். ஊதவில்லை. எதற்கு ராத்திரியில் அப்படிப் பிடித்துப் பார்க்கிறாய் என்று மகளிடம் கேட்கவும் இல்லை.

மல்லிகாவைத்தான் பார்த்தார்.