எலும்பு பிடிக்கிற வரைக்கும்

"இன்னும் கொஞ்சம் மசிங்க மாப்பிள்ளை. பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுற பதத்துல இருக்கணும்."

ஆறரைக்கு எழுந்திருந்தான். இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை வேகவைத்தான். தோலுரித்து, உப்புப் போட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்தான். இரண்டு தட்டில் பிரித்தான். பன்னிரண்டு வாரமாக இதே காலைதான்.

மனைவி இறந்துபோய்ப் பதினைந்து நாளில் மாமனார் ஒரு பையோடு வந்து இறங்கினார். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை, இந்த ஊர் டாக்டரம்மாவிடம் எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றார். எலும்பு திருகைப் பிடிக்கும் வரை வாராவாரம் காட்ட வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், மசித்த சாப்பாடுதான் ஆகும். கடையில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். போதாக்குறைக்கு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்குமாம்.

கடைவாய்ப் பல் போய்ப் பத்து வருஷம் ஆன மனிதருக்கு இப்போதுதானா பல் ஆசை வரவேண்டும் என்று முதலில் எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் டாக்டரம்மா பூதக்கண்ணாடியில் திருகைக் காட்டினார். மணலைப் பீய்ச்சியடித்து, அமிலத்தில் முக்கியெடுத்துச் சொரசொரப்பாக்கிய டைட்டானியம். வழவழப்பாக இருந்தால் எலும்பு லேசில் பற்றாது என்றார். அவன் பஸ்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் மேற்பார்வையாளன்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சா பெயின்ட்டும் அப்படித்தான் டாக்டர். உரிஞ்சு வந்துடும்."

பல நாள் கழித்து அவன் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. நாற்காலியில் வாயைத் திறந்தபடியே மாமனார் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நாளாகும் என்பதை மாமனார்தான் வந்து சொன்னார். மூன்று மாதம்.

அதன்பிறகு சாப்பிடும்போதெல்லாம் பெயின்ட்டைப் பற்றி ஏதாவது கேட்டார். ஈரத்தின் மேல் அடித்தால் என்ன ஆகும், வெயிலில் எந்த நிறம் முதலில் வெளுக்கும். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் தட்டு காலியாகியிருக்கும். போன ஞாயிறு அவன் தானாகவே இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். மாமனார் அந்தத் தட்டைப் பார்த்தார்.

இன்று கடைசிச் சோதனை. திருகு பிடித்திருந்தால் பல்லைக் கட்டிவிடுவார்கள், அவர் ஊருக்குப் போய்விடுவார். பை வாசலில் தயாராக இருந்தது. பிடிக்காமல் இருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்து, அவன் வெட்கப்பட்டான்.

நாளை யாருக்காக அடுப்பைப் பற்றவைப்பது? ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மனைவி, "அடுப்பை அணைச்சீங்களா?" என்று கேட்டாள். அவன் காதில் நின்ற கடைசிச் சொல் அதுதான்.

டாக்டரம்மாவின் அறைக்குள் மாமனார் போய் அரை மணி நேரம் ஆனது. நர்ஸ் கையெழுத்துக்கு ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். பழக்கத்தில் மேலிருந்து படித்தான். ஆறாம் வாரத்துக்கு எதிரே எழுதியிருந்தது: 'இரண்டும் நன்றாகப் பிடித்துவிட்டன. பல் கட்டலாம்.' அதற்குக் கீழே எல்லா வாரமும் வெறும் கோடு.

"சிஸ்டர், இது வேற யாரோட அட்டையோ."

"உங்க மாமாவோடதுதான் சார். அந்தக் காலத்து வழவழத் திருகுன்னா மாசக்கணக்குல ஆகும். இதுக்கு ஆறு வாரமே போதும். பெரியவர்தான் இப்ப கட்ட வேணாம்னுட்டார். வாராவாரம் உள்ள வந்து எங்களோட கதை பேசிட்டுப் போவார். திங்கக்கிழமை போன் பண்ணி, 'இனி கட்டிடலாம்மா, மாப்பிள்ளை ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டார்'னார். எங்களுக்கு ஒண்ணும் புரியலை."

மாமனார் கன்னத்தைத் தடவியபடி வெளியே வந்தார். அவன் அட்டையை நீட்டினான். அவர் கையைப் பிடித்தான், விடவில்லை.

பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. கண்ணைத் திறந்தா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா."

அவன் காத்திருந்தான்.

"'அப்பா, அவர் தனியா உக்காந்தா சாப்பிட மாட்டார்.'"