மச்சினன் கொடுத்த ரத்தம்

"ஒரு ஊசிதான் மாப்ள. எறும்பு கடிச்சாப்புல இருக்கும்" என்றார் பூபதி.

மணிமாறன் தயங்கினான். "பாலிசி உங்களுக்குங்க மாமா. ரத்தம் நான் குடுக்கறதா?"

"ஏஜென்ட் அர்த்தநாரி எல்லாம் பேசிட்டாரு. ரத்தம் எடுக்கறவங்க ஊட்டுக்கே வாராங்க. நீதான் பூபதின்னு அவரு சொல்லிருவாரு. உன்னைய ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

திருச்செங்கோட்டில் பூபதிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று இருந்தது. போர் போடுவதற்காக வருசத்தில் பாதி நாள் வடநாட்டில்தான் கிடப்பார். இரண்டும் பெண் குழந்தைகள். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பம் தவிக்கக் கூடாதே என்று பெரிய தொகைக்கு இன்சூரன்ஸ் போட நினைத்தார்.

ஒரே சிக்கல், சர்க்கரை. எட்டு வருசமாக மாத்திரை.

"சொன்னா பிரீமியத்த ஏத்திப்புடுவாங்க. இல்லைன்னே எழுதிக்கலாமுங்க. ரத்தத்துக்கு மட்டும் நல்ல ஆளா ஒருத்தரப் புடிங்க" என்று வழி சொன்னவர் அர்த்தநாரி.

பூபதிக்கு மனைவி கலைமணியின் தம்பி மணிமாறன் ஞாபகம்தான் வந்தது. அவருடைய ரிக்கிலேயே வேலை. முப்பது வயது. கனத்த இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடப்பான். காய்ச்சல், தலைவலி என்று அவன் படுத்து யாரும் பார்த்ததில்லை.

மணிமாறன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். சமையல்கட்டு வாசலில் நின்ற கலைமணிக்கு இதில் இஷ்டமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"நாமினி யாருங்க மாமா?"

"உங்கக்காதான். வேற யாரு?"

கொஞ்ச நேரம் யோசித்தவன், "செரிங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் அர்த்தநாரியிடமிருந்து போன்.

"என்னுங்க பூபதி, ஆளு கல்லாட்டம் இருக்கறான்னீங்க! ரத்தத்துல சுகர் கன்னாபின்னான்னு ஏறிக் கெடக்குது. எப்ப இருந்து சுகர், என்ன மாத்திரைன்னு கம்பெனில கேக்கறாங்க."

"யாருக்கு? மணிமாறனுக்கா?"

"அத உடுங்க. வேற கம்பெனி இருக்குது. இந்தத் தடவை ஆள நல்லா விசாரிச்சுப் புடிங்க."

பூபதி பைக்கை எடுத்தார். கிளம்பும்போது பயம்தான் இருந்தது. வண்டி நிற்கும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது.

மணிமாறன் ரிக்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, உனக்குச் சுகர் இருக்குது, தெரியுமா?"

"தெரியுங்க மாமா. ஒரு வருசமா மாத்திரை போடறேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா வேலைக்கு வேண்டாம்பீங்கன்னு பயந்துட்டனுங்க."

"அதுக்கு மறைச்சுப்புடுவியா? வேகாத வெயில்ல மயங்கி மிசின்ல உழுந்தா யாருடா பதில் சொல்றது? உடம்புல இருக்கறத உள்ளபடி சொல்லோணும்கற நேர்மை வேண்டாமா ஒரு மனுசனுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் பூபதிக்குத் தான் பேசியது காதில் விழுந்தது.

"தப்புத்தானுங்க மாமா" என்றான் மணிமாறன். அவன் சிரிக்கவில்லை.

பூபதியின் குரல் இறங்கியது. "தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ரத்தம் குடுத்த? டெஸ்டுல மாட்டிக்கும்னு தெரியாதா?"

"மாட்டோணும்னுதானுங்க குடுத்தேன்."

பூபதிக்குப் புரியவில்லை.

"நம்ம குமாரசாமியண்ணன் செத்தாருல்லீங்க? சுகர மறைச்சுப் பாலிசி போட்டிருந்தாரு. அடுத்த வருசமே போய்ட்டாரு. கம்பெனிக்காரங்க ஆஸ்பத்திரில விசாரிச்சுப்புட்டு, காசு கெடையாதுன்னுட்டாங்க. அவரு சம்சாரம் கந்தம்மாளக்காவ நான்தான் ஈரோடு ஆபீசுக்கும் சேலம் ஆபீசுக்கும் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். செத்த மனுசன் சொன்ன பொய்க்கு, அந்தக்கா ஒவ்வொரு மேசை முன்னாலயும் நின்னு பதில் சொல்லிச்சு. எங்கக்காவ அப்படி நிக்க வெக்க எனக்கு மனசு வரலீங்க."

பூபதி ரிக் வண்டியின் டயரில் சாய்ந்தபடி போனை எடுத்தார்.

"அர்த்தநாரி, வேற ஆளெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு எட்டு வருசமாச் சுகருன்னே எழுதுங்க. மறுக்கா ரத்தம் எடுக்க வரச் சொல்லுங்க, நானே குடுக்கறேன். பிரீமியத்த ஏத்துனா ஏத்தட்டும்."

அந்தப் பக்கம் அர்த்தநாரி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

"நாளைக்கு ரெண்டு பேருமா டாக்டரப் போய்ப் பாப்போம். வேலைய நெனச்சு நீ பயப்படாத" என்று கிளம்பப் போனவர், நின்று திரும்பினார்.

"ஏம் மாப்ள, புடிக்கலீன்னா அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்தபடி மணிமாறன் சொன்னான்.

"சொல்லியிருந்தா, சுகர் இல்லாத வேற ஒருத்தனத் தேடிப் புடிச்சிருப்பீங்களே மாமா."