முகத்துக்கு ஏற்ற கண்ணாடி

ஒன்பதாவது கூலிங் கிளாஸையும் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார் ஜீவரத்தினம். "இதப் போட்டா லாட்டரி சீட்டு விக்கிறவன் மாதிரி கீறேன். வேற காட்டு பாய்."

குரோம்பேட்டையில் பதினெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நசீருதீனுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. கடைக்குள் வந்த எந்த முகத்தையும் அவர் வெறும் முகமாகத் திருப்பி அனுப்பியதில்லை. எந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் என்று சுவரில் சார்ட்டே மாட்டியிருந்தார். அதில் ஆறு வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாருக்கு வட்ட முகம். வட்ட ஃபிரேம் போட்டா இன்னும் உருண்டையா தெரியும். சதுரம்தான் எடுப்பா இருக்கும்."

உண்மையில் அது பூசணிக்காய் முகம். சார்ட்டில் பூசணிக்காய் இல்லாததால் வட்டம் என்று மரியாதையாகச் சொல்லிவைத்தார் நசீருதீன்.

ஜீவரத்தினம் மாடம்பாக்கத்துக்காரர். கரை வேட்டி, ஒரே கையில் நாலு மோதிரம். உள்ளாட்சித் தேர்தலில் வார்டு சீட்டுக்கு அலைகிறவர் என்பதை ஸ்டூலில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். கட்சியின் மாவட்டச் செயலாளர் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்கே வருகிறாராம். வந்து இறங்கும்போது தெருமுனையில் இருபதடி பேனரில் ஜீவரத்தினம் நிற்க வேண்டும். நின்றால் சீட்டு அவருக்கு, இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு பக்தவச்சலத்துக்கு. பேனருக்குப் போட்டோ எடுக்க மாடியில் ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

செல்போன் அடித்தது. ஜீவரத்தினம் கடையே அதிரும்படி பேசினார்.

"பந்தல் போட்டாச்சா? சேரு நூறு பத்தாதுடா, இருநூறு எறக்கு. பட்டாசு வந்துச்சா? மேளக்காரங்கள இப்பவே அடிச்சுத் தீத்துட வேணாம்னு சொல்லு, மாவட்டம் வந்தப்பறம் அடிக்கட்டும். இன்னாது? அதெல்லாம் முடியாது, அவரு வராம எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஏதாச்சும் குடிக்கக் குடு."

நசீருதீனுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை அமர்க்களத்திலும் பெற்றவளை மறக்காத பிள்ளை! தன் மகன் அசார் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பானா என்று நினைத்துப் பொருமினார். உள் அலமாரியைத் திறந்து, யாருக்கும் சட்டென்று காட்டாத உசத்திச் சரக்கை எடுத்து வைத்தார்.

ஜீவரத்தினம் ஒன்றைப் போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"பாய், சாயந்தரம் மொட்டை அடிச்சுடுவாங்க. மீசையும் இருக்காது. அப்பவும் இது பொருந்துமா?"

"திருப்பதிக்கா சார்?"

முகம் பார்க்கும் கண்ணாடியை விட்டு அவர் பார்வை நகரவில்லை. "சீக்கிரம் பாய். முடி இருக்கறப்பவே போட்டோ எடுத்தாவணும்."

சீட்டுக் கிடைக்கும் முன்பே வேண்டுதலை முடிக்கிறாரே, இந்த மனுஷனுக்கு எத்தனை நம்பிக்கை என்று வியந்தார் நசீருதீன். ஆனால் தொழில் என்று வந்தால் அவர் பொய் சொல்ல மாட்டார். "மொட்டை அடிச்சா முகம் இன்னும் அகலமாத் தெரியும் சார். கம்பி பட்டையா, ஃபிரேம் தடிமனா இருக்கணும். முடி இருந்தாலும் ஒக்காரும், இல்லன்னாலும் ஒக்காரும்."

"அது! அதக் குடு."

தடித்த கறுப்பு ஃபிரேம் ஒன்று வந்தது. ஜீவரத்தினம் அதைப் போட்டுக்கொண்டு நசீருதீனின் மூக்குக்கு நேராக வந்து நின்றார். "உள்ள கண்ணு தெரியுதா?"

"லேசா தெரியும் சார். இப்ப அதுதான் ஃபேஷன்."

"தெரியவே கூடாது பாய். மாவட்டம் பக்கத்துலயே நிக்கப்போறாரு. என் கண்ணு இன்னா பண்ணுதுன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

அரசியல்வாதி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டார் நசீருதீன். அதே ஃபிரேமில் கன்னங்கரேல் என்று இன்னொன்றை எடுத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

உட்கார்ந்துவிட்டது. பூசணிக்காய்க்கு மூலை முளைத்து, பார்க்கவே ஒரு அதிகாரம் வந்துவிட்டது. ஜீவரத்தினம் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார், கையை ஆட்டினார், கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தும் பார்த்தார்.

"மாஷா அல்லா! உங்க முகத்துக்குன்னே செஞ்சது சார். துடைக்கத் துணி ஒண்ணு ஃப்ரீ."

"துடைக்கறதுக்கெல்லாம் ஒண்ணும் வேணாம் பாய்."

"விசேஷம் நல்லபடியா நடக்கட்டும் சார். சீட்டு உங்களுக்குத்தான்."

ஜீவரத்தினம் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். மாடிப்படி ஏறப்போனவரின் செல்போன் மறுபடி அடித்தது. இந்த முறை பேனர் அடிக்கும் டிஜிட்டல் கடைக்காரன்.

"ஆமா தம்பி, போட்டோ பத்து நிமிஷத்துல வந்துடும். நடுவுல ஆளுயரத்துக்கு நானு. எனக்கு மேல மாவட்டம். கீழ ஓரமா சின்னதா அவரு. அவருக்கு ஓட்டர் கார்டுல இருக்கற படமே போதும்."

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். ஜீவரத்தினம் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"மேட்டரா? எழுதிக்கோ: எங்கள் அருமை அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி."