பிளெக்ஸின் வெள்ளைப் பக்கம்

தலைமையாசிரியர் பெரியநாயகம் சுவிட்ச் போர்டின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தார்.

பார்ப்பவர்களுக்கு அது பணிவாகத் தெரிந்திருக்கும். மேடையில் நாற்காலி காலியாக இருந்தும் ஓரமாக நிற்கிற பெரிய மனிதர்.

உண்மையில், குறிப்பிட்ட ஒரு படம் திரைக்கு வந்ததும் கரண்டை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கிளியனூர்ப் பக்கத்தில் கரண்டு போனால் யாரும் காரணம் கேட்பதில்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அந்த இரண்டு சொற்களையும் விழுங்கிவிட்டு, 'வளரிளம் பருவ நல்லொழுக்க ஊட்டச்சத்து விழிப்புணர்வுப் பெருவிழா' என்று பெயர் சூட்டியவர் அவர்தான்.

தொடக்கவுரையில் பண்பாடு வந்தது, கைப்பேசி வந்தது, கேப்பைக்கூழ் வந்தது. பாலியல் மட்டும் வரவில்லை. 'அந்த மாதிரி விஷயங்கள்' என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கும் ஒரு இருமலைத் துணைக்கு அனுப்பினார்.

விலங்கியல் ஆசிரியராக இருந்த காலத்திலும் அப்படித்தான். இனப்பெருக்கப் பாடம் வந்தால், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். வீட்டில் யார் சொல்லித்தருவார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

பேச வந்திருந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கலையரசி. அவருடைய படங்களைக் காலையிலேயே தன் அறையில் ஓடவிட்டுப் பார்த்த பெரியநாயகம், கடைசிப் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். கருவைக் கலைக்கக் கடையில் மாத்திரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடும் பெண்களைப் பற்றிய படம் அது.

"அத சொல்லத்தான் சார் நானே வர்றேன்," என்றார் கலையரசி.

அதனால்தான் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.

பள்ளியில் திரை என்று தனியாக எதுவும் கிடையாது. அலுவலக உதவியாளர் வேங்கடேசனைப் பெரியநாயகம் தன் வீட்டுக்கு அனுப்பி, பழைய பிளெக்ஸ் ஒன்றை வாங்கிவரச் சொல்லியிருந்தார். அவர் வீட்டில் பிளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. நல்லாசிரியர் விருது கிடைத்தபோது, திண்டிவனத்திலிருந்து பள்ளி வாசல் வரை 'ஊர் பொதுமக்கள்' என்ற பெயரில் அவரே வைத்துக்கொண்டவை கொட்டகையில் குவிந்து கிடந்தன. வேங்கடேசன் ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளைப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்கும்படி மேற்கு ஜன்னலை மறைத்துக் கட்டிவிட்டார்.

கருப்பையின் படம் திரையில் விழுந்ததும் சிரிப்பு கிளம்பியது.

"டேய், ஆட்டுத்தல மாரி கீதுடா," என்றான் மணிமாறன்.

"உன் மூஞ்சி மாரி கீது," என்று பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

கலையரசியும் சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியநாயகம் பயந்தது அதற்குத்தான்.

மதியத்திலிருந்து மூடிக் கிடந்த வானம் அப்போதுதான் வெளிவாங்கியது. ஜன்னலில் விழுந்த வெயில் பிளெக்ஸை ஊடுருவியது.

படத்துக்குள் இன்னொரு படம் தெரிந்தது.

மயில் வைத்த நாற்காலி. அதில் பட்டுத் தாவணி கட்டிய ஒரு சிறுமி. தலை கொள்ளாத பூ. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு. கலையரசி காட்டிய கருப்பை அவள் மடியில், தூங்கப்போட்ட கைக்குழந்தை போலக் கிடந்தது.

எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பியிருந்தும் படிக்க முடிந்தது. மஞ்சள் நீராட்டு விழா.

ஒரு பெண் பெரியவளாகிவிட்டால், கவுன்சிலர் முதல் கடைசித் தாய்மாமன் வரை கைகூப்ப வைத்துச் சாலையோரத்தில் ஊருக்கே அறிவித்துவிடுகிறோம். என்ன நடந்தது என்று அவளிடம் மட்டும் சொல்வதில்லை.

கைகூப்பியவர்களின் வரிசையில், நட்டநடுவில், வெள்ளைச் சட்டையில் பெரியநாயகமும் இருந்தார்.

"பவுலினக்காடா," என்றது ஒரு குரல்.

"யாரு, சாரோட பொண்ணா?"

"ஆமா. போன வருசம் மூளைக்காய்ச்சல்ல செத்துப்போச்சே."



பெரியநாயகம் வேங்கடேசனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பதறிப்போய்க் காதருகே வந்தார்.

"நான் கொட்டாய்ல கெடந்ததத்தான் சார் கேட்டேன். அம்மாதான் பீரோவத் தொறந்து இத எடுத்துக் குடுத்தாங்க. வெயில் வர்ற ஜன்னலா பாத்துக் கட்டுன்னாங்க."

கடைசிப் படம் வந்தது. ஒரு மாத்திரை அட்டை. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.

விரல் அதே இடத்தில்தான் இருந்தது. அழுத்தினால் மாத்திரை மறைந்துவிடும். பவுலின் மறைய மாட்டாள்.

அவர் கையை எடுத்துவிட்டார்.

கலையரசி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடாமல், இருமாமல் சொன்னார். சொல்லி முடித்து, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

சுவிட்ச் போர்டின் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அந்த மாத்திரைய போட்டுக்கினு, ரத்தம் நிக்காம போய்க்கினே இருக்கு," என்றார் பெரியநாயகம். "வெளிய தெரிய வேணாம்னு வீட்லயே வெச்சிக்கினு இருந்து, மூணாம் நாள் தூக்கிக்கினு வந்தா, லேட்டுங்களா சிஸ்டர்?"