முந்நூறு உசிரும் ஒரு தட்டு பஜ்ஜியும்

"போன செவ்வாய்க்கிழமை முந்நூறு உசிரைக் காப்பாத்தினவனாக்கும் இவன்!" என்று ஜானு மாமி பிள்ளையின் முதுகில் தட்டினாள். பெண்ணின் அப்பா கல்யாணராமன் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பிளேன், நேருக்கு நேர்! நம்ம பரத்வாஜ் மட்டும் ரேடியோல கத்தலேன்னா அவ்வளவுதான்."

பரத்வாஜ் அடக்கமாகச் சிரித்தான். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கணும் என்று தரையிலிருந்து சொல்லுகிற உத்தியோகம் அவனுக்கு. ரெண்டுக்கும் ஒரே உயரத்தைச் சொல்லித் தொலைத்தவனே அவன்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பம்பாயிலிருந்து வந்த விமானம் கடைசி நொடியில் வெட்டித் திரும்பியதில் எல்லாரும் தப்பித்தார்கள்.

விசாரணை வரும். அதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டால் தேவலை. ஆறு ஜாதகம் தட்டிப்போய் இது ஏழாவது.

ஸ்ரீரஞ்சனி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். பார்த்தானோ இல்லையோ, ஆள் காலி.

"பொண்ணு ஏர்லைன்ஸ்லதானே? டிக்கெட் குடுக்கற வேலையா இருக்கும். கல்யாணத்துக்கப்புறம் விட்டுடலாம்" என்றாள் ஜானு மாமி.

கல்யாணராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி முறைத்த முறைப்பில் ஒரு பஜ்ஜியைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டார்.

"தப்பு யார் மேல?" பெண் முதல் தடவையாகப் பேசினாள்.

"பம்பாயிலேர்ந்து வந்த பிளேன் மேலதான். நான் ஒண்ணு சொன்னா அவா ஒண்ணு பண்றா!"

"அதுல இருந்த ரெண்டு பைலட்ல, ரேடியோல பேசினவர் மேலயா, ஓட்டினவர் மேலயா? ஒருத்தர் பேசுவார், இன்னொருத்தர் ஓட்டுவார் இல்லையோ?"

அடேயப்பா, விஷயம் தெரிந்த பெண்! பரத்வாஜுக்கு உச்சி குளிர்ந்தது. பேசியவர் இவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னவர். அவர் மேல் பழி போட்டால் ரேடியோப் பேச்சைப் பதிவு பண்ணின டேப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டின ஆளின் குரலைக்கூட இவன் கேட்டதில்லை. அந்த ஆள் இங்கே வந்து சண்டையா போடப் போகிறான்?

"பேசினவர் பாவம், தங்கமான மனுஷர். ஓட்டினது சுத்தத் தத்தி! லைசென்ஸ் எவன் குடுத்தானோ!"

ஜானு மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். என்னம்மா, உனக்குச் சம்மதந்தானே?"

ஸ்ரீரஞ்சனி நிதானமாகத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிளேனை ஓட்டினது நான்தான், மாமி."